நாலு முட்டை வந்ததால் நிறுத்திய ஐயுஐ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயுஐ-யில் (விந்தணுவைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) எனக்குக் கரு நிற்கவில்லை. கடைசியில் உடம்புக்கு வெளியே கருவாக்கி உள்ளே வைக்கும் ஐவிஎஃப்தான் செய்தோம், மகள் இப்போது எல்கேஜி போகிறாள். முடிவு என்ன ஆச்சு என்று தேடிக்கொண்டே யாரும் படிக்க வேண்டாம் என்றுதான் இதை முன்னாலேயே போட்டுவிட்டேன். நான் எழுத வந்தது அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி, மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று முட்டையை வளர்த்த மாதங்களைப் பற்றி. ஐயுஐ என்றதும் எல்லோரும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள், வலிக்குமா, படுத்தே இருக்கணுமா, லீவு போடணுமா என்று. அது அஞ்சு நிமிஷ வேலை. செலவு, கவலை, முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள் எல்லாம் அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு நாளில்தான் இருக்கின்றன.

எனக்குப் பிசிஓடி. சினைப்பை நிறைய சின்னச் சின்ன ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) இருக்கும், ஆனால் எதுவும் முழுசாக வளர்ந்து முட்டையை வெளியே விடாது. பீரியட்ஸ் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் அதுவும் வராது. வீட்டுக்காரருக்கு விந்தணு கவுண்ட் பரவாயில்லை, மொட்டிலிட்டி (விந்தணுவின் ஓட்டம்) மட்டும் கொஞ்சம் குறைவு. கருக்குழாய் (டியூப்) ரெண்டும் திறந்திருப்பது எச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் தெரிந்தது. (அந்த எக்ஸ்ரே இல்லாமலே ஐயுஐ ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். டியூப் அடைத்திருந்தால் எத்தனை முட்டை வளர்த்தும் பிரயோஜனமில்லை.) நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில், சிகிச்சை மதுரையில்.

பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாளே ஸ்கேனுக்கு வரச் சொல்வார்கள். அந்த நாளில் போய் உள்வழி ஸ்கேன் எடுத்துக்கொள்வதா என்று முதல் தடவை கூச்சமாகத்தான் இருந்தது, அங்கே காத்திருக்கிற எல்லோரும் அதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கூச்சம் போய்விட்டது. போன மாதத்து நீர்க்கட்டி ஏதாவது மிச்சம் இருக்கிறதா, கருப்பையின் உள்சவ்வு மெலிந்து புதிதாக ஆரம்பிக்கத் தயாரா என்று பார்ப்பதற்கான ஸ்கேன் அது. பழைய கட்டி இருந்தால் அந்த மாதம் மருந்து தர மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஒன்பதாம் நாள் வாக்கில் இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன், இதைத்தான் ஃபாலிகுலர் ஸ்டடி என்கிறார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே "ரைட் பதினாலு, லெஃப்ட்ல எல்லாம் சின்னது, எண்டோ ஏழு" என்று சொல்லிக்கொண்டு போவார், பக்கத்தில் சிஸ்டர் ஒரு கட்டம் போட்ட சீட்டில் எழுதிக்கொண்டே வருவார். ரைட், லெஃப்ட் என்பது வலது, இடது சினைப்பை. பதினாலு என்பது ஃபாலிக்கிளின் அளவு, எம்எம் கணக்கில். எண்டோ என்பது உள்சவ்வின் தடிமன். வளர ஆரம்பித்த ஃபாலிக்கிள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ரெண்டு எம்எம் வளரும், 18 முதல் 20 வந்தால் பழுத்துவிட்டது என்று கணக்கு. எண்டோ ஏழு எட்டுக்கு மேல், மூன்று கோடு மாதிரி தெரிந்தால் நல்லது. இந்த நாலு விஷயம் புரிந்துவிட்டால் போதும், சீட்டை நீங்களே படிக்கலாம், டாக்டர் அவசரத்தில் இருக்கிற நாளில் இது பெரிய உதவி.

மாத்திரையில் எனக்கு முதலில் கொடுத்தது குளோமிஃபீன், 50 எம்ஜி, அஞ்சு நாள். பழைய மருந்து, அமெரிக்காவில் 1967-லேயே அனுமதி கிடைத்தது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கிறது என்று மூளையை நம்பவைக்கும், உடனே மூளை எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாக விடும், அதில் ஃபாலிக்கிள் வளரும். சிக்கல் என்னவென்றால் மூளையில் செய்கிற அதே வேலையை உள்சவ்விலும் செய்துவிடும், சவ்வு தடிக்காது. எனக்கு அதுதான் நடந்தது. ஃபாலிக்கிள் 19 வந்து நின்றபோதும் எண்டோ ஆறைத் தாண்டவில்லை. அது போக, திடீர் திடீரென்று முகமெல்லாம் அனலடிக்கும், ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாலும் வேர்க்கும். சிலருக்குக் கண் மங்கும், பூச்சி பறப்பது போலத் தெரியும், அப்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்து லெட்ரோசோல். இதை வாங்கப் போன இடத்தில்தான் வேடிக்கை. எங்கள் தெரு மெடிக்கலில் இருக்கும் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "அக்கா, வீட்ல யாருக்காவது கேன்சரா?" என்று கேட்டான். எனக்குக் கையெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து டப்பாவுக்குள் இருந்த தாளைப் பிரித்தால் மார்பகப் புற்றுநோய் என்றுதான் போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் ராத்திரி பூரா போனில் தேடி, இந்தியாவில் இதைக் குழந்தையின்மைக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011-ல் தடையே போட்டார்கள் என்று கண்டுபிடித்து என்னையும் தூங்கவிடவில்லை. அந்தத் தடையை 2017-ல் நீக்கிவிட்டார்கள் என்பது மறுநாள் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கிற மருந்து, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த வகைப் புற்றுநோயில் அது பயன்படுகிறது, நமக்கு அஞ்சே நாள் கொடுத்து நிறுத்தினால் மூளை எஃப்எஸ்எச்சை ஏற்றும், மருந்தும் சீக்கிரமே உடம்பை விட்டுப் போய்விடும், அதனால் உள்சவ்வு கெடாது என்று விளக்கினார். பிசிஓடி உள்ள 750 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீனில் 19.1 சதவீதம். இப்போது பிசிஓடிக்கு முதல் மருந்தே இதுதான். எனவே டப்பாத் தாளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், மெடிக்கலில் கேள்வி கேட்டால் "டாக்டர் கொடுத்தது" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். எனக்கு அந்த அஞ்சு நாளும் அசதி, லேசாகத் தலைவலி, வேறொன்றும் இல்லை. விலையும் குறைவு, ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசுக்குள் முடிந்துவிட்டது.

ஆனால் என் சினைப்பை இந்த மாத்திரைக்கு மசியவில்லை. 2.5 கொடுத்தார்கள், 5 ஆக்கினார்கள், பன்னிரண்டாம் நாளும் எல்லாம் பத்து எம்எம்மிலேயே நின்றன. அதனால் மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தது. எச்எம்ஜி என்பார்கள், 75 யூனிட், 150 யூனிட் என்று வரும், பொடி ஒரு குப்பியிலும் கலக்கும் தண்ணீர் தனியாகவும் இருக்கும். இந்த ஊசிக்கு ஒரு கதை உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் எஃப்எஸ்எச் ஏராளமாக இருக்கும் என்பதால் ஆரம்பத்தில் இத்தாலியில் கன்னியர் மடங்களில் வயதான கன்னியாஸ்திரிகளின் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்கள், அதில் உருவான முதல் குழந்தை 1962-ல் இஸ்ரேலில் பிறந்தது. எங்கள் அத்தையிடம் இதைச் சொல்லியிருந்தால் ஊசியே வேண்டாம் என்றிருப்பார், நான் சொல்லவில்லை.

தினமும் ஊசிக்காக மதுரைக்குப் போக முடியாது. ஊசிகளை மொத்தமாக வாங்கி வந்து எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சிஸ்டரிடம் போட்டுக்கொண்டேன். ஒன்று கவனியுங்கள், சில பிராண்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சிலவற்றை வெளியே வைக்கலாம், டப்பாவின் பக்கவாட்டில் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கும். மே மாதம் பஸ்ஸில் வருகிறபோது அது முக்கியம், ஐஸ் பேக் கேட்டால் மெடிக்கலிலேயே தருவார்கள், ஃபிரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தினம் ஒரே நேரத்தில் போட வேண்டும். செலவு இங்கேதான் ஏறுகிறது, ஒரு நாள் ஊசிக் காசில் பல மாதத்து லெட்ரோசோல் வாங்கலாம்.

பிசிஓடிக்காரர்களுக்கு ஊசியில் உள்ள வில்லங்கம் என்னவென்றால், மாத்திரைக்கு ஒன்றுமே வராத சினைப்பை ஊசிக்குத் திடீரென்று கொத்தாக எழுந்துவிடும், நடுவில் ஒரு அளவு பிடிப்பது பெரும்பாடு. எனக்கு அப்படித்தான். எட்டாம் நாள் ஸ்கேனில் எதுவும் பெரிதாக இல்லை என்று டோஸை ஏற்றினார்கள். அடுத்த ஸ்கேனில் டாக்டரம்மா வழக்கம் போல அளவைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடியும் வலது பக்கத்தில் இருந்து ஆரம்பித்தார். ரைட் பதினெட்டு, பதினேழு. லெஃப்ட் பதினேழு, பதினாறு. அப்புறம் பன்னிரண்டு, பதிமூன்றில் ஒரு வரிசை. சிஸ்டர் எழுதுகிற கட்டத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினார். நானோ படுத்துக்கொண்டே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், இத்தனை நாள் ஒன்றுக்கே தவம் கிடந்தோம், இப்போது நாலு. எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது, "இந்த மாசம் ட்ரிக்கர் வேண்டாம்மா. ஐயுஐ பண்ணலை. வீட்டுலயும் சேர வேண்டாம், இல்லேன்னா காண்டம்." ட்ரிக்கர் என்பது பழுத்த முட்டையை வெளியே வரவைக்கிற ஊசி.

வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சட்டைப்பையில் மெடிக்கல் பில்லை மடித்து வைத்திருந்தார், அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்துக்கொண்டார். வீட்டில் அத்தைக்கு ஒரே கோபம். "ஏம்மா, நாலு வந்தா நாலுல ஒன்னாவது நிக்கும்ல? ரெட்டைப் புள்ளையா பொறந்தாத்தான் என்ன, ஒரே பிரசவத்துல முடிஞ்சிரும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன், காத்திருக்கும் இடத்தில் பேசிக்கொள்கிற எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறார்கள், உனக்கு எத்தனை வந்தது எனக்கு எத்தனை என்று மார்க் போலக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அது ஐவிஎஃப் கணக்கு, ஐயுஐ-க்கு ஒத்து வராது. ஐவிஎஃப்-ல் முட்டைகளை வெளியே எடுத்து, கருவாக்கி, அதில் ஒன்றோ ரெண்டோதான் உள்ளே வைப்பார்கள், எத்தனை வைப்பது என்பது டாக்டர் கையில் இருக்கிறது. ஐயுஐ-யில் நாலும் வெடித்தால் நாலும் கருவாகலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம், யாரும் கட்டுப்படுத்த முடியாது. காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 900 தம்பதிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு 2015-ல் வந்தது. எல்லோருக்கும் ஐயுஐ, அதிகபட்சம் நாலு மாதம். ஊசி போட்ட குரூப்பில் குழந்தை பிறந்தவர்கள் 32 சதவீதம், குளோமிஃபீனில் 23, லெட்ரோசோலில் 19. இது வரைக்கும் பார்த்தால் ஊசிதான் நல்லது என்று தோன்றும். ஆனால் ஊசியில் கர்ப்பமானவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கரு, அதில் மூன்று குழந்தைக் கர்ப்பமே பத்து. மாத்திரைக் குரூப் ரெண்டிலும் மூன்று குழந்தை ஒருவருக்குக்கூட இல்லை, இரட்டை மட்டும்தான், அதுவும் பத்தில் ஒருவர் சொச்சம்.

மூன்று என்றால் பெரும்பாலும் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிடும், ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு குழந்தை, மூன்றும் என்ஐசியு-வில் (பச்சைக் குழந்தைகளுக்கான ஐசியு). அம்மாவுக்குப் பிரஷர், ரத்தப்போக்கு ஆபத்து தனி. நிறுத்தியது காசு வீண் என்று கத்துகிறவர்கள் என்ஐசியு-வில் ஒரு நாள் பில்லைப் பார்க்க வேண்டும். ரெண்டாவது காரணம் எனக்குப் பிசிஓடி என்பது. ட்ரிக்கர் ஊசியில் உள்ள எச்சிஜி ஹார்மோனைப் போட்டால் அத்தனை ஃபாலிக்கிளும் சேர்ந்து வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஐயுஐ-யில் இது அரிதுதான், ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அறிகுறியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: வயிறு உப்பிக்கொண்டே போவது, வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, ஒரே நாளில் ஒரு கிலோ ஏறுவது. இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் போன் பண்ணிவிடுங்கள்.

இதனால்தான் யாராவது என்னிடம் கேட்டால் ஊசி ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: எத்தனை ஃபாலிக்கிள் வந்தால் இந்த மாதம் நிறுத்துவீர்கள்? என் டாக்டரம்மாவின் கணக்கு 16 எம்எம்மும் அதற்கு மேலும் உள்ளவை மூன்றைத் தாண்டினால் நிறுத்தம், சிலர் ரெண்டிலேயே நிறுத்துகிறார்கள். பதிலை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அன்றைக்கு அதிர்ச்சி குறைவு, வீட்டுப் பெரியவர்களிடமும் முதலிலேயே சொல்லி வைக்கலாம். "எவ்வளவு வந்தாலும் பண்ணிரலாம்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் நான் போக மாட்டேன்.

அடுத்த தடவை மாத்திரையோடு மிகக் குறைந்த டோஸ் ஊசி, பொறுமையாக. ஒரே ஒரு ஃபாலிக்கிள் 19, எண்டோ ஒன்பது. ட்ரிக்கர் எழுதினார்கள். இந்த ஊசியின் நேரம்தான் எல்லாமே, போட்டதில் இருந்து 36 மணி நேரம் வாக்கில் முட்டை வெளியே வரும், அதை வைத்துத்தான் ஐயுஐ நேரத்தைக் குறிப்பார்கள். எனக்கு ராத்திரி பத்து மணி என்று எழுதியிருந்தது. எங்கள் சிஸ்டர் அன்றைக்குப் பார்த்து ஊரில் இல்லை. பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்கு ஓடினால் வெளி மருந்தை நாங்கள் போட மாட்டோம் என்று விட்டார்கள், பிரிஸ்கிரிப்ஷனைக் காட்டி, மதுரை டாக்டரிடமே போனில் பேச வைத்து, ஒருவழியாகப் பத்தேகாலுக்குப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் அந்தப் பதற்றம் தேவையா? பத்து மணிக்கு யார் போடுவார்கள் என்று மத்தியானமே பேசி வையுங்கள், சீட்டு கையில் இருக்கட்டும், போட்ட நேரத்தை எழுதி வைத்து மறுநாள் காலை கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஆண்கள் பக்கம் சுருக்கமாக. சாம்பிள் கொடுப்பதற்கு முன் ரெண்டு முதல் அஞ்சு நாள் இடைவெளி போதும், பத்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும், ஓட்டம் குறையும். வீட்டிலிருந்து கொண்டு வருவதென்றால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே கொண்டுவர வேண்டும், திண்டுக்கல்லில் இருந்து அது நடக்காது, எனவே அங்கேயே கொடுக்க வேண்டும். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்க அந்தச் சின்ன ரூமில் அவருக்கு முடியவில்லை, வெகுநேரம் ஆனது. இந்தப் பயம் உள்ளவர்கள் முன்கூட்டியே ஒரு சாம்பிளை ஃபிரீஸ் பண்ணி வைக்க முடியுமா என்று கேட்கலாம், கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. டப்பாவில் ரெண்டு பேர் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். வாஷ் பண்ணிய பிறகு (லேபில் நல்ல விந்தணுவைப் பிரித்தெடுப்பதுதான் வாஷ்) எவ்வளவு கவுண்ட் இருந்தது என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள், ஐயுஐ-யைத் தொடர்வதா வேண்டாமா என்று பின்னால் முடிவு பண்ண அந்த எண் வேண்டும்.

ஐயுஐ அன்றைக்கு மெல்லிசான ஒரு குழாய், லேசான சுருக், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் படுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். நான் மறுநாளே வேலைக்குப் போனேன். அப்புறம் ரெண்டு வாரம் கருவைத் தாங்க உள்சவ்வுக்கு உதவும் புரோஜெஸ்ட்ரான் மருந்து. மார்பு கனக்கும், தூக்கம் தூக்கமாக வரும், வயிறு இழுக்கும், எல்லாம் அந்த மருந்தின் வேலை, அதை வைத்து நின்றுவிட்டது என்றோ நிற்கவில்லை என்றோ முடிவுகட்டாதீர்கள். இன்னொன்று, ட்ரிக்கரில் போடுவதே எச்சிஜி, வீட்டு டெஸ்ட் கார்டு தேடுவதும் எச்சிஜியைத்தான். பத்து நாளுக்குள் டெஸ்ட் பண்ணினால் போட்ட ஊசியே ரெண்டு கோடு காட்டிவிடும். எங்களோடு சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் அதைப் பார்த்து மாமியார் வீடு வரைக்கும் சொல்லிவிட்டாள், பதினாலாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அவள் பட்ட பாடு சொல்லி மாளாது.

எனக்கும் நிற்கவில்லை. மனம் விட்டுப்போகாமல் இருக்க ஒரு கணக்கு உதவியது: நியூசிலாந்தில் 201 பேரை வைத்து நடந்த ஆய்வில், மூன்று மாதம் மாத்திரையோடு ஐயுஐ செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, சும்மா காத்திருந்தவர்களில் 9 சதவீதம். அதாவது பலன் உண்டு, ஆனால் ஒரு மாதத்துக்குப் பத்தில் ஒன்று என்கிற கணக்கு. ஒரே தடவையில் நிற்காதது தோல்வியே இல்லை, அதே சமயம் வருஷக்கணக்கில் இதையே ஓட்டவும் கூடாது. மூன்று நாலு நல்ல மாதத்துக்கு அப்புறம், நல்ல மாதம் என்றால் முட்டை, எண்டோ, கவுண்ட் மூன்றும் சரியாக அமைந்த மாதம், அடுத்து என்ன என்று உட்கார்ந்து பேசிவிட வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சீக்கிரம்.

ஐவிஎஃப்-க்கு வேறு சென்டர் போனபோது அந்த டாக்டர் முதலில் கேட்டது பழைய ஸ்கேன் சீட்டுகளைத்தான். எந்த டோஸுக்கு எத்தனை வந்தது என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரத்தில் எழுதியிருந்த அந்த வரிசையில் நின்றார். டோஸைக் குறைத்து ஆரம்பித்தார், எச்சிஜிக்குப் பதில் வேறு வகை ட்ரிக்கர் போட்டார், கருவை அந்த மாதமே வைக்காமல் உறைய வைத்து அடுத்த மாதம் வைத்தார், எல்லாம் வயிற்றில் நீர் கோக்காமல் இருப்பதற்காக. சில இடங்களில் ஃபைலை அவர்களே வைத்துக்கொள்வார்கள், கேட்டாலும் இழுத்தடிப்பார்கள். எனவே ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் சிஸ்டர் எழுதுகிற சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போட்ட ஊசியின் பெயர், யூனிட், எந்த நாள் என்பதையும் சேர்த்து.